பதினைந்து கிலோமீட்டர்

செய்தி வாசிக்க எங்களுக்கு உரிமம் இல்லை.
சமுதாய வானொலி.
மழை வரலாம் என்று சொல்லலாம்,
கோமாரி ஊசி எந்தத் தெருவில் என்று சொல்லலாம்.
நெல்லிமேட்டுச் சாவடிச் சுவரில்
நேற்று ஒட்டிய நோட்டீசில்
நூற்றுப் பதினான்கு சர்வே எண்கள் என்று
சொல்லக் கூடாது.

அதனால்தான் எழுத்தாளர்களைக் கூப்பிடுகிறேன்.

"இன்றைய விருந்தினர் க. பெரியநாயகி.
தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பற்றி
முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறார். வணக்கம்."
வணக்கம் என்றார்.
கெடிலத்துப் பாலத்தில் பேருந்து நின்றுவிட,
மழையில் நடந்தே வந்தவர்
புத்தகத்தின் முதுகை முந்தானையால் துடைத்தபடி
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு
என்று ஆரம்பித்தார்.

செஞ்சியில் மராட்டியருக்குப் பணமுடை.
கும்பினிக்குக் கடலோரம் ஒரு கோட்டை வேண்டும்.
விலை படிந்துவிட்டது. எல்லை?
சங்கிலி இழுக்கவில்லை, கல் நடவில்லை.
பீரங்கியைக் கெட்டித்துச் சுட்டார்கள்.
குண்டு எதுவரை போகிறதோ
அதுவரை ஊர்கள் கைமாறின.

"யாருடைய பீரங்கி?"

சிரித்தார்,
கேள்வியைப் பாராட்டும் சிரிப்பு இல்லை அது.
"விற்றவனுடையது இல்லை.
சென்னப்பட்டணத்திலிருந்து வந்தது, பெரியது, பித்தளை.
சுடத் தெரிந்தவனும் கூடவே வந்தான்.
மருந்து எவ்வளவு திணிப்பது என்று
எந்தப் பத்திரமும் பேசாது, பாருங்கள்."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெயசீலன்
இரண்டு விரல் காட்டினான்.
இரண்டு நிமிடத்தில் உர விளம்பரம்.

நான் கேட்க நினைத்தது
போன செவ்வாய்க்கிழமை வயலுக்கு மேல்
ஒரு ட்ரோன் பறந்ததே, அதற்குத் திரி வைத்தது யார் என்று.
கேட்டது,
"அன்றைய ஜனங்கள் என்ன செய்தார்கள்?"
அன்றைய என்பதை அழுத்திச் சொன்னேன்.
எங்கள் உரிமம் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

அவருக்குப் புரிந்துவிட்டது.
"அன்றைய ஜனங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும்.
மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும்.
இருக்கும், இருக்கும் என்றுதான்
அந்த அத்தியாயம் முழுக்க எழுத முடிந்தது.
கடுதாசி எழுதியவர்கள் எல்லாரும்
பீரங்கிக்குப் பின்னால் நின்றவர்கள்."

தொலைபேசி மினுக்கியது.
நெல்லிமேட்டிலிருந்து அஞ்சலாட்சி.
பின்னணியில் டீசல் என்ஜின் இருமியது.

"அம்மா, அந்தக் குண்டு வுழுந்த எடத்துல
அப்ப என்னா போட்டிருந்தாங்க?
நாத்தா, கருதா?"

பெரியநாயகி பக்கங்களைப் புரட்டினார்.
ஒலிவாங்கியில் அது
யாரோ வைக்கோல் மேல் நடப்பது போலக் கேட்டது.
கொடுத்த பணம் இருக்கிறது.
தேதி இருக்கிறது.
முந்நூறு பக்கத்தில்
விளைந்திருந்தது என்ன என்று மட்டும் இல்லை.

"தெரியலைம்மா."

"எங்களுது பால் புடிச்சி நிக்கிது.
இன்னும் இருவது நாளு வுட்டா அறுத்துடுவோம்.
கேட்டா, முடியாதுங்கறாங்க."

இது வரலாறு இல்லை.
ஜெயசீலனின் விரல் பொத்தான் மேல் போய் நின்றது.
என்னைப் பார்த்தான்.
நான் பார்க்கவில்லை.
என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது,
பதினோரு நொடி, அதற்கும் மேலே.
பிறகு யூரியா.

வெளியே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
"உங்க சத்தம் எதுவரை போகும்?" என்றார் பெரியநாயகி.
பதினைந்து கிலோமீட்டர் என்று போர்டில் எழுதியிருக்கிறோம்.
உண்மையில் பன்னிரண்டு.
"நெல்லிமேடு?"
விளிம்பில் இருக்கிறது.
முருங்கை மரத்தில் கம்பி கட்டிக் கேட்கிறார்கள்.

அவர் போனபின் பதிவேட்டை நிரப்பினேன்.
நிகழ்ச்சி வகை: வரலாறு.
நேயர் அழைப்பு: ஒன்று.
பொருள் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வேளாண்மை, என்று எழுதினேன்.
நெல். பால் பிடிக்கும் பருவம்.